நின்று வரும் குரல்

குழந்தை பிறந்த நாளிலிருந்து அதன் காதில் விழும்படி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் மூடிய தொட்டிலுக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. அவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி அறுப்பது அவன் தொழில். தொட்டிலைச் சுற்றியிருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் என்று தொடாமலே அவனுக்குத் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் கை நுழைக்க ஒரு வட்டத் திறப்பு உண்டு. பெற்றவர்கள் அதன் அருகே வாயை வைத்துப் பேசுவார்கள். பக்கத்துத் தொட்டில்காரர் தினமும் தன் மகனிடம் ஊர்வம்பு முழுவதையும் சொல்லிவிட்டுப் போவார். இவன் குனிவான். உதடு மூடும். அவ்வளவுதான். நர்ஸ்கள், அடுத்த தொட்டில்களின் பெற்றோர், யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். திறக்காத உதட்டோடு நிமிர்ந்து, கை கழுவப் போகிறவன்போல வெளியே வந்துவிடுவான்.

அவனுக்குச் சிறு வயதிலிருந்து திக்கு. சில எழுத்துகளில் பேச்சு அப்படியே நின்றுவிடும். அதிலும் 'ப' வந்தால் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு, உள்ளே மூச்சு முட்டி, கழுத்து நரம்பு புடைக்கும்வரை திறக்காது. கடையில் முதலாளி அவனை வாடிக்கையாளர்களிடம் பேசவிடாமல் பின்கட்டிலேயே வைத்திருந்தார். அவமதிப்பதற்காக அல்ல, அவனுக்கு அதுதான் நிம்மதி என்று அவருக்குத் தெரியும்.

அவன் கூச்சமில்லாமல் பேசியது ஒரே இடத்தில்தான். மனைவியின் வயிற்றில். கடை விட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றோடு பேசுவான். முதல் ஸ்கேனில் டாக்டர் பட்டாணி அளவு இருக்கிறது என்று சொன்னதால் குழந்தைக்குப் பட்டாணி என்றே பெயர் வைத்திருந்தான். "உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா? வராத எழுத்தாப் பாத்துப் பிடிச்சிருக்கீங்க," என்று அவள் சிரித்தாள். அவன் 'ப'வில் நின்றுபோகும்போதெல்லாம் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை வரும். வண்டி நின்றுவிட்டது என்று பிள்ளை பின்னாலிருந்து தள்ளுகிறது என்பாள் அவள். அந்த உதை அவன் கைக்கும் தெரியும். பிறகு உதடு எப்படியோ திறந்துகொள்ளும்.

இப்போது டாக்டர், இந்த வாரம் தாண்டட்டும், பிறகு சொல்கிறேன் என்றார். அதற்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை. கேட்க வேண்டிய வார்த்தை 'பிழைக்குமா' என்பது.

அவன் தொட்டிலருகே வருவதையும் வாய் திறக்காமல் போவதையும் ஒரு நர்ஸ் கவனித்திருந்தார். அவன் மனைவியிடம் அவர், அப்பாவின் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்தால் தொட்டிலுக்குள் மெதுவாக வைக்கலாம், நாள் முழுக்க மெஷின் சத்தத்தையே கேட்டுக் கிடக்கிற பிள்ளைக்கு அது நல்லது என்றார். அவனிடம் நேரே சொல்லாமல் மனைவியிடம் சொன்னதில் ஒரு நாகரிகம் இருந்தது. இப்படிப்பட்டவர்களைக் கடவுள் எங்கெங்கே நிறுத்த வேண்டுமோ அங்கங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஏதாவது ஆகிவிடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என் குரலை அவள் கேட்டிருக்க வேண்டும். அன்று அவன் வேண்டிக்கொண்டது அது மட்டும்தான்.

அக்கா வீட்டில் அத்தான் ஓர் அறையைப் பதிவு அறையாக மாற்றிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, வீட்டுக்கு வந்தால் மைக், ஒயர். நண்பர்கள் பாடும் பிரார்த்தனைப் பாட்டுகளைப் பதிவு செய்து, உடம்பு முடியாமல் வீட்டில் கிடப்பவர்களுக்கு அனுப்பிவைப்பார். எதிரொலி வராமலிருக்க அக்காவின் போர்வைகள் எல்லாம் சுவரில் தொங்கின. குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டுமென்றால் சவுண்டு இன்ஜினியர் சாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அன்று மதியம் அவன் போனபோது அத்தான் அக்காவின் தையல் டேப்பால் அளந்துகொண்டிருந்தார். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ, நாற்காலியில் உட்காருபவரின் காதிலிருந்தும் அதே தூரத்தில் இருக்க வேண்டுமாம். ஸ்பீக்கர்களின் முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி, அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருந்தார். "செருப்பு எதுக்குடானு கேக்காதே மாப்ள. மேஜை அதிர்ந்தா பாட்டுல ஒரு உறுமல் சேருது. உங்கக்கா திட்டும்போது வருமே, அந்த மாதிரி."

விஷயத்தைச் சொல்ல அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அத்தான் இடையில் ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே காத்திருந்தார். வாசலில் நின்ற அக்கா மட்டும், பேசுவதற்குப் பதில் பாடிவிடேன், பாடினால் திக்காதே என்றாள். அவன் பாடினால் பிள்ளை குழாயையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும் என்று அத்தான் சொல்ல, அவனுக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

அத்தான் ஸ்பீக்கர்களை அணைத்தார். மைக் திறந்திருக்கும்போது ஸ்பீக்கரும் பேசினால் அதன் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய் வீடு முழுக்க அலறும், போன மாதம் தெருநாய்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டன என்று சொன்னார். பதிவு செய்யும்போது ஹெட்போன், செய்ததைக் கேட்கும்போது ஸ்பீக்கர், இதுதான் முறை. காதுக்கு இதமாக இருக்கும் என்று பெரிய ஹெட்போன் ஒன்றை அவன் தலையில் மாட்டிவிட்டு, மைக்கை அவன் வாய்க்கு நேரே இழுத்து வைத்தார். பேசப் பேச அவன் குரல் அவன் காதிலேயே கேட்கும், பயப்படாதே என்றார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மூடியது. திறந்தது.

"பட்டாணி, அப்பா பேசுறேன்."

குரல் காதுக்குள் வந்தது. ஆனால் அவன் சொல்லி முடித்த பிறகு, ஓர் இமைப்பொழுது தள்ளி வந்தது. பின்னாலேயே வேறொருவர் நடந்துவருவதுபோல. அவன் அடுத்த வார்த்தையைச் சொன்னான். அதுவும் நிற்கவில்லை. வீட்டில் உனக்கென்று ஓர் அறை இருக்கிறது, அதன் ஜன்னலுக்கு அப்பாவே கண்ணாடி அறுத்துப் போட்டிருக்கிறேன், சாயங்கால வெயில் அதில் புகுந்து தரையில் விழும்போது நீ அதைப் பிடிக்கப் பார்ப்பாய் என்று சொல்லிக்கொண்டே போனான். நல்ல கைப்பதத்தில் கண்ணாடியின் மேல் அறுப்புச் சக்கரம் ஓடும்போது பட்டுத் துணி கிழிவதுபோல ஒரே இழையாகச் சத்தம் வரும். அப்படி ஓடியது பேச்சு. கண்ணைத் திறந்தபோது அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தன் தம்பி இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மூவரும் ஸ்பீக்கரில் கேட்டார்கள். முதல் வரியிலேயே அத்தானின் முகம் மாறியது. அவன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் பேய்போல முணுமுணுத்தது. பதிவு ஓடும்போது அத்தானுக்குத் தெரியாதது ஸ்பீக்கரில் அப்பட்டமாகத் தெரிந்தது. அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். மாட்டிவிட்ட ஹெட்போன், பாட்டைக் கேட்பதற்கானது. காதை இறுக்கி மூடாது, சத்தத்தை வெளியே விடும். அந்தச் சத்தத்தை மைக் பிடித்துவிட்டது.

அவன் பரவாயில்லை என்று கை காட்டினான். அத்தானுக்கு மனம் வரவில்லை. பச்சைப் பிள்ளையின் காதுக்குப் போகிற குரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். இன்னொரு தவறும் அவருக்குப் புரிந்தது. மைக்கில் விழுந்த குரல் நேராக ஹெட்போனுக்கு வராமல், கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கிழடு. அதனால்தான் தாமதம். அவனுக்கு அது எவ்வளவு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்டுக்கொண்டே, காதை இறுக மூடும் வேறு ஹெட்போனை மாட்டிவிட்டு, மேஜை மேலிருந்த சின்னப் பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினார். இனிமேல் வாயில் வருவது அந்தக் கணமே காதில் வரும்.

அவன் உற்சாகமாக உட்கார்ந்தான். பயம் போய்விட்டது, இனி எல்லாம் சரி என்று நினைத்தான்.

உதடு மூடியது. திறக்கவில்லை.

மூச்சு முட்டியது. நாற்காலி கிறீச்சிட்டது. "ப்..." என்று ஒரு காற்று, மறுபடி மூடல். ஒரு வழியாகப் பட்டாணி வந்தது, அப்பாவில் நின்றது. ஜன்னல் கதையை எட்டுவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தன் திணறல் ஒவ்வொன்றும் தன் காதுக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது அவனுக்கு. அரைகுறையாக முடித்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"அ... அழிச்சிடுங்க அத்தான். யா... யாரும் கேக்க வேண்டாம்."

அத்தான் சரி என்று எதையோ தட்டினார். அக்கா உள்ளே போய்விட்டாள். கடவுள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறவர் இல்லை என்று அவன் நம்பியிருந்தான். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மத்தியானம் முழுக்க யாரோ தன்னை வைத்து விளையாடியதாகத் தோன்றியது.

அத்தான் பெட்டியின் பக்கம் திரும்பினார். தான் எதை மாற்றினோம் என்று யோசித்தார். மாற்றியது இரண்டே விஷயம், ஹெட்போனும் குமிழும். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி, அந்த ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு, அலுவலகத்தில் தினமும் சொல்லும் வாசகத்தைச் சொல்லிப் பார்த்தார். "வணக்கம், உங்க பாலிசி நம்பரைச் சொ... சொ... சொல்ல்ல்..." நாக்கு கட்டையாகிவிட்டது. தன் குரலே பின்னால் வந்து தன் காலை மிதிக்கிறது. திரும்ப முயன்றார். குடித்தவர்போல இழுத்தது. அவர் விழித்ததைப் பார்த்து அவனுக்குத் துக்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது. அக்கா சமையலறையிலிருந்து, யார் அது, இன்னொருத்தருக்கும் தொற்றிக்கொண்டதா என்று கேட்டாள்.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு கஷ்டமாடா மாப்ள இது? தினமும் இப்படியா இருக்கு உனக்கு?"

அவன் தலையை ஆட்டினான். இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

எனக்குக் கெடுதலாக இருப்பது உனக்கு நல்லதாக இருக்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆண்டவனுக்குத் தெரிந்தால் போதும் என்றார் அத்தான். தாமதத்தை அப்படியே விட்டு, இறுக மூடும் ஹெட்போனோடு மறுபடி உட்காரவைத்தார். மறுபடியும் பட்டு கிழிந்தது. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு தடங்கல் இல்லை, பின்னால் பேயும் இல்லை. ஸ்பீக்கரில் கேட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் வைக்கப்போகும் போனின் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்டு, திடுக்கிடவைக்கும் சத்தம் எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அத்தான் அதை அவன் போனில் ஏற்றினார்.

வழியெல்லாம் அவன் போனைச் சட்டைப் பையின் மேல் கை வைத்து அழுத்திக்கொண்டே போனான். பஸ்ஸில் ஒருமுறை காதில் வைத்துக் கேட்டான். திக்காமல் இருந்திருந்தால் நான் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று தோன்றியது. அந்த ஆளை அவனுக்குப் பிடித்திருந்தது.

மனைவி தொட்டிலின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் தடுமாறியது, குழாயை மாற்றினார்கள் என்று சொன்னாள். அழுது முடித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவன் போனை நீட்டினான். அவள் காதில் வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மலரும் என்று அவன் காத்திருந்தான். அவள் புருவம்தான் சுருங்கியது.

"யாருங்க இது?"

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"நீங்களா? ரேடியோவுல செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருக்கு." அவள் போனைத் திருப்பித் தரவும் இல்லை, தொட்டிலுக்குள் வைக்கவும் இல்லை. பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ரொம்ப நல்லாத்தான் இருக்கு. எப்படிப் பேசினீங்கன்னே தெரியலை. ஆனா இவளுக்கு இது யாருன்னு தெரியாதுங்க. இவ உள்ள இருந்து கேட்டது வேற ஆளை. நிக்கிற ஆளை."

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பேசினேன், அதுவும் வேண்டாம் என்கிறாள். வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான். கோபப்பட்டான். அவளோ உடம்பு தேறாமல், பிள்ளையின் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருக்கிறவள். அவளிடம் கோபித்துக்கொள்வது பாவம் என்று தெரிந்தும் கோபப்பட்டான். பக்கத்துத் தொட்டில்காரர் வந்து, ஒன்றும் கேட்காமல், தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். டீ ஆறும்வரை அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைக்குச் சூடு பழகப் பழக, வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே கைக்குள் வந்து முட்டிய உதை. அது எப்போது வந்தது? ஒழுங்காகப் பேசிய வார்த்தைகளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அத்தானுக்குப் போன் போட்டான். இரண்டாவதாகப் பேசியது அழிந்துவிட்டதா என்று கேட்பதற்குள் மூன்று இடத்தில் நின்றான். அத்தானின் பதிலும் தயங்கித் தயங்கித்தான் வந்தது.

"கோவிச்சுக்காதே மாப்ள. அழிச்சிட்டேன்னு சும்மா தட்டிக் காட்டினேன். பிள்ளைகிட்டப் பேசினதை அழிக்க எனக்குக் கை வரலை."

நாற்காலி கிறீச்சிட்டதை மட்டும் எடுத்துவிட்டதாகவும், நின்ற இடங்களில் ஒன்றையும் வெட்டவில்லை என்றும் சொன்னார். வெட்டிச் சேர்த்திருந்தால் சரளமாகப் பேசினதுபோல ஆக்கியிருக்கலாம். செய்து பார்த்தாராம். கேட்கச் சகிக்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் அதை அனுப்பியும் வைத்தார்.

இந்த முறை மனைவி கேட்டுப் பார்க்கவில்லை. போனைக் கொண்டுவந்து நீட்டிய அவன் முகத்தைப் பார்த்தே நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் போனைத் துடைத்து, மெல்லிய பையில் போட்டு, சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, தொட்டிலின் ஓரமாக வைத்தார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவன் குரலின் தொடக்கம். மூடிய உதடு. பிறகு அந்தக் காற்று. மறுபடி மூடல். அறையில் இருந்த எல்லோரும் கேட்கிறார்கள் என்று அவன் காது சுட்டது. போய்விடலாமா என்றுகூட நினைத்தான். மனைவி அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பாதம் துணிக்கு அடியில் நீண்டது. தொட்டிலின் விளிம்பை முட்டி நின்றது.

"தள்ளுறா," என்றாள் மனைவி.

குறைமாதப் பிள்ளைகள் இப்படி அடிக்கடி அசைவார்கள், எதையும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். உண்மையைச் சொல்வது அவர் வேலை. சொல்லிவிட்டு, பதிவு முடியும்வரை அவரும் அங்கேயே நின்றார். மாலையில் வந்த டாக்டர் பழையதையே சொன்னார். இந்த வாரம் தாண்டட்டும். அவன் கேட்க வேண்டியதை அன்று கேட்டான். 'பிழைக்குமா' என்ற அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்கு டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது. நின்றார். தெரியவில்லை, ஆனால் நாங்கள் விடமாட்டோம் என்று பதில் சொன்னார். அவன் எதிர்பார்த்த பதில் இல்லை அது. ஆனாலும் கேட்டுவிட்டதில் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

பார்வை நேரம் முடியப்போவதாக மணி அடித்தது. மனைவியை அழைத்துப்போக ஆள் வந்தார். அவன் கை கழுவிக்கொண்டு வந்து தொட்டிலின் வட்டத் திறப்பருகே குனிந்தான். ஒரு நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தொட்டில்காரர் தன் ஊர்வம்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, வேறெங்கோ பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவன் விரல் ஒன்றை அந்தப் பாதத்தின் அடியில் வைத்தான். உதடு மூடியது. மூச்சு முட்டியது. அவன் அவசரப்படவில்லை. அவள் தள்ளட்டும் என்று காத்திருந்தான்.